சாத்தனூர் அணையும் 119 என்ற எண்ணும்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து வாசகர்களுக்குச் சாத்தனூர் அணையைப் பற்றிப் புதிதாக அறிமுகம் வேண்டியதில்லை. தோல் பதனிடும் தொழிற்சாலைக்கோ செருப்புக் கம்பெனிக்கோ சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுமுறை கிடைத்துவிட்டால் வேன் பேசிக்கொண்டு குடும்பத்தோடு புறப்படுவது, ஏலகிரிக்கு அடுத்தபடியாகச் சாத்தனூருக்குத்தான். திருப்பத்தூர், சிங்காரப்பேட்டை, செங்கம் என்று வழி நீளும். பூங்காவைச் சுற்றிவிட்டு, முதலைப் பண்ணைக்கு வந்து நிற்பீர்கள். வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலை உயிருள்ளதா, பொம்மையா என்று பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கு நடக்கும். பிறகு பொரித்த மீன். பிறகு அணைக்கு எதிரே நின்று ஒரு புகைப்படம். மாலையில் வேனுக்குள் எல்லோரும் தூங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்வீர்கள்.

இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். முதலையைப் பற்றி வேலிக்கு எவ்வளவு உயரம், முதலை எவ்வளவு வேகமாக ஓடும், தப்பி வந்தால் என்ன ஆகும் என்று பத்துக் கேள்விகள் கேட்ட பிள்ளை, அணையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டதா? கேட்டிருந்தால் நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்? “119 அடி உயரம்” என்று சொல்லியிருப்பீர்கள். நாம் எல்லோரும் அறிந்த பதில் அது ஒன்றுதான். நாளிதழ்களும் மழைக்காலம் முழுவதும் அதைத்தான் நமக்குச் சொல்கின்றன: முழு உயரம் 119 அடி, இன்றைய நீர்மட்டம் இத்தனை அடி. அந்த எண்ணைத்தான் இக்கட்டுரை விமர்சிக்கிறது. அது தவறான எண் அல்ல. ஆனால் அணைக்குக் கீழே குடியிருப்பவனுக்கு அது எதையுமே சொல்லாத எண்.

முதலில் அணையின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே, சென்னகேசவ மலைக் குன்றுகளுக்கிடையே, 1950களில் கட்டத் தொடங்கி 1958இல் முடிந்த அணை இது. அன்று அது வட ஆற்காடு மாவட்டம். 1989க்குப் பிறகு திருவண்ணாமலை மாவட்டம். நடுவே கல் கட்டடம். இரு பக்கமும் மண் கரை. இந்த மண் கரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வேண்டியிருக்கும். கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி, நம் கணக்கில் 732 கோடி கன அடி. இடது, வலது கால்வாய்கள் மூலம் சுமார் 45,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது. 1999இல் 7.5 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்றும் சேர்ந்தது.

பள்ளிப் பாடத்தில் இதைப் ‘பல்நோக்குத் திட்டம்’ என்று படித்திருப்பீர்கள். பாசனம், மின்சாரம், வெள்ளத்தடுப்பு என்று பயன்களை வரிசையாக எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த வரிசை ஒரு சண்டையை மறைக்கிறது. பாசனத்துக்கு அணை நிறைந்திருக்க வேண்டும். மின்சாரத்துக்கு நீர்மட்டம் உயர்ந்திருக்க வேண்டும். வேன் பேசிக்கொண்டு வரும் நமக்கும் தளும்பத் தளும்ப நின்றால்தான் கண்ணுக்கு அழகு. வெள்ளத்தடுப்புக்கு மட்டும் அணை காலியாக இருக்க வேண்டும். நான்கு எசமானர்களில் மூன்று பேர் ஒரு பக்கம் இழுக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையின் கடைசியில், அதாவது நவம்பர் முடிவில், இந்த மூவரும் திருப்தியடையும் வேளையில்தான் வங்கக் கடலில் புயல்களும் உருவாகின்றன.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கரையைக் கடந்தபின் அது கலைந்து போகாமல் உள்நாட்டுக்குள் மெல்ல நகர்ந்து கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில், டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் புரட்டிக்கொண்டு போன காட்சியை அப்போது நீங்கள் பார்த்திருக்கலாம். ஊத்தங்கரையில் பெய்வது எங்கே போகும்? ஏலகிரி, ஜவ்வாது மலைச் சரிவுகளில் பிறந்து திருப்பத்தூர்ப் பக்கமாக வரும் பாம்பாறு, ஊத்தங்கரை வழியே சென்று தென்பெண்ணையில் கலக்கிறது. கலந்தபின் அந்தத் தண்ணீருக்குச் சாத்தனூரைத் தவிர வேறு வழி கிடையாது. சுற்றுலாவுக்கு நீங்கள் போகும் அதே திசையில்தான் திருப்பத்தூர் மழையும் போகிறது.

50 சென்டிமீட்டர் என்றால் முழங்கால் உயரம். பத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் சதுரத்தில் அந்த அளவு மழை பெய்து, ஒரு சொட்டும் மண்ணில் இறங்காமல் ஓடி வந்தால், அது ஏறக்குறைய 177 கோடி கன அடி. அதாவது சாத்தனூர் அணையில் கால் பங்கு. இப்படி நான்கு சதுரங்கள் போதும், காலியான அணை நிறைந்துவிடும். அன்று அணை காலியாக இல்லை; முழு மட்டத்துக்குச் சில அடிகளே குறைவாக இருந்தது.

அன்றிரவு திறப்பு படிப்படியாகக் கூட்டப்பட்டு, டிசம்பர் 2 அதிகாலை 2.45 மணியளவில் விநாடிக்கு 1,68,000 கன அடி என்ற அளவை எட்டியது. இந்த எண்ணைப் படித்துவிட்டு மேலே போய்விடாதீர்கள். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். நம் தெருக்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரியை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விநாடிக்கும் ஏறக்குறைய 400 லாரித் தண்ணீர். நீங்கள் இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் இரண்டாயிரம் லாரிகள் போயிருக்கும்.

கீழே திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் ஆகிய நான்கு மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்கள் தண்ணீரில் மூழ்கின. தொண்டமானூருக்கும் அகரம்பள்ளிப்பட்டுக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி அவ்வாண்டு செப்டம்பரில்தான் திறந்த உயர்மட்டப் பாலம் உடைந்து போயிற்று. அரசூர் அருகே நெடுஞ்சாலையின் மேலேயே வெள்ளம் ஏறி, சென்னை–திருச்சிப் போக்குவரத்து நின்றது.

அடுத்த நாள் தொடங்கியது வாக்குவாதம். முன்னறிவிப்பு இல்லாமல் நள்ளிரவில் திறந்துவிட்டார்கள் என்றது எதிர்க்கட்சித் தரப்பு. ஐந்து முறை எச்சரிக்கை விட்டோம் என்றது அரசுத் தரப்பு. வாரக்கணக்கில் நாளிதழ்கள் இரண்டையும் அச்சிட்டன. அறிவியல் படிக்கும் நாம் இந்த வாக்குவாதத்தை எப்படிப் பார்ப்பது? இரு தரப்பும் ஒரே தவறான கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தன என்பது என் கருத்து. காரணம் சொல்கிறேன்.

நள்ளிரவில் ஏன் திறந்தார்கள் என்பதற்கு விடை எளிது: வேறு வழியில்லை. மண் கரையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? கல் அணையின் மேல் தண்ணீர் வழிந்தால் அது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மண் கரையின் மேல் வழிந்தால், வழியும் தண்ணீர் பின்புறச் சரிவை அரிக்கும், அரிப்பு பள்ளமாகும், பள்ளத்தில் இன்னும் அதிகத் தண்ணீர் பாயும், சில மணி நேரத்தில் கரையே இருக்காது. 1977இல் நம் மாநிலத்துக் கொடகனாறு அணை இப்படித்தான், வெள்ளம் மேலேறி உடைந்தது. 1979 ஆகஸ்ட் 11ஆம் தேதி குஜராத்தில் மச்சு அணையின் மண் கரைகள் உடைந்து மோர்வி நகரம் அழிந்தது, இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். வருகிற வெள்ளத்தை வெளியே விடாத அணை, ஆற்று வெள்ளத்தோடு தன் வயிற்றில் இருப்பதையும் சேர்த்துக் கொட்டிவிடும். எனவே 2.45 மணிக்குத் திறந்த பொறியாளரை நான் குறை கூற மாட்டேன். அந்த வேளையில் அவருக்கிருந்தது ஒரே முடிவுதான்.

விமர்சனம் அந்த வேளைக்கு முந்திய நாட்களைப் பற்றியது. “கொஞ்சம் இடம் காலியாக வைத்திருந்தால் வெள்ளமே வந்திராது” என்று பலர் எழுதினார்கள். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களை நான் காணவில்லை. நாமே போடுவோம். அணையில் பத்தில் ஒரு பங்கைக் காலியாக வைத்திருந்தோம் என்க. அது 73 கோடி கன அடி. விநாடிக்கு 1,68,000 கன அடி வரும்போது அந்த இடம் நிறைய எவ்வளவு நேரமாகும்? 73 நிமிடம். ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கூடக் காணாது. முழு அணையே காலியாக இருந்தாலும் 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஆகவே இந்த வெள்ளத்தை அணை ‘தடுத்திருக்கும்’ என்பது பகற்கனவு.

ஆனால் கணக்கை இதோடு நிறுத்தினால் அதுவும் அரைகுறையே. வெள்ளம் முழுவதையும் விழுங்க வேண்டாம், அதன் உச்சியை மட்டும் சீவினால் என்ன? புயலுக்கு முன்னதாக ஒரு நாள் முழுதும் விநாடிக்கு 20,000 கன அடி வீதம் திறந்துவிட்டிருந்தால் 172.8 கோடி கன அடி இடம் கிடைத்திருக்கும். கிட்டத்தட்ட அணையில் கால் பங்கு. பிறகு 1,68,000 வரும்போது 1,20,000 மட்டும் வெளியே விட்டு, மிச்சம் 48,000ஐ அந்த இடத்தில் வாங்கிக்கொண்டால், இடம் எவ்வளவு நேரம் தாங்கும்? வகுத்துப் பாருங்கள்: 36,000 விநாடி, சரியாகப் பத்து மணி நேரம். வெள்ளத்தின் உச்சம் பத்து மணி நேரம் நிற்பது அரிது. அதே காலி இடத்தை முட்டாள்தனமாகப் பயன்படுத்தினால் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தினால் பத்து மணி நேரம்.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. புயல் திசை மாறிப் போய்விட்டால்? அந்த 172.8 கோடி கன அடியை 45,000 ஏக்கரிலும் பரப்பினால் ஏக்கருக்குப் பத்தரை அங்குல ஆழம் நிற்கும். வராத மழையை நம்பி அதைக் கடலுக்கு விட்டவரைப் பாசன விவசாயிகள் சும்மா விடுவார்களா? புயல் கரையைக் கடக்கும் நேரத்தில் திறக்கலாம் என்றாலும் முடியாது. அப்போது கீழ்ப்பகுதியிலேயே மழை கொட்டிக்கொண்டிருந்தது. திறப்பதானால் இரண்டு மூன்று நாள் முன்னதாக, வானம் தெளிவாக இருக்கும்போது, நிச்சயமில்லாத வானிலை அறிக்கையை வைத்துத் திறக்க வேண்டும். இத்தகைய முடிவை நள்ளிரவில் ஒரு தனி மனிதர் தலையில் கட்டக்கூடாது என்பதற்காகத்தான் ‘ரூல் கர்வ்’ என்ற ஒன்று இருக்கிறது. ஆண்டின் எந்தத் தேதியில் நீர்மட்டம் எதைத் தாண்டக்கூடாது என்று முன்கூட்டியே வரைந்து வைக்கும் கோடு அது. முல்லைப் பெரியாறு வழக்கு நடந்த 2021இல் இச்சொல் தமிழ் நாளிதழ்களிலும் அடிபட்டது. சாத்தனூர் விவாதத்தில் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: நவம்பர் கடைசிக்கு இந்த அணையின் கோடு எங்கே நிற்கிறது? 119க்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே எத்தனை அடி? “ஏன் சொல்லவில்லை” என்று கத்தியவர்களும் “சொன்னோமே” என்று பதில் கத்தியவர்களும் இதைத் தொடவே இல்லை.

அடுத்தது எச்சரிக்கையைப் பற்றி. ஐந்து முறை எச்சரிக்கை விடப்பட்டது என்பதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். அணை எச்சரிக்கைகள் வழக்கமாக எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படுகிறது. கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்க. திருக்கோவிலூர்ப் பக்கம் ஆற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை எழுப்பி, “ஐயா, 1,68,000 வருகிறது” என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அது தன் வாசற்படியில் நிற்குமா, கூரையைத் தொடுமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு வேண்டியது இரண்டே செய்திகள்: தண்ணீர் எந்த உயரம் வரும், எத்தனை மணிக்கு வரும். ஆற்று வெள்ளம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் என்று தோராயமாக வைத்தால், 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊருக்கு மூன்று மணி நேர அவகாசம் இருக்கிறது. 2.45க்குத் திறந்தது 5.45க்குப் போய்ச் சேரும். டிசம்பரில் அப்போதும் இருட்டுதான். மூன்று மணி நேரத்தில் ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்விடலாம், எது மேடு என்று முன்பே தெரிந்திருந்தால்.

பழைய ஏரிப் பாசனத்தில் இந்த அறிவு ஊருக்கே பொதுவாக இருந்தது. கலிங்கில் நட்ட கல்லை எந்த அளவு தண்ணீர் தொட்டால் எந்தத் தெரு நனையும் என்று நீர்க்கட்டிக்கு மட்டுமல்ல, பல்லாங்குழி ஆடும் பாட்டிக்கும் தெரியும். ஏரியின் அளவை ஊர் தன் கண்ணால் பார்த்தது. பெரிய அணையின் அளவை நாம் நாளிதழில் படிக்கிறோம்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாத்தனூரில் மின் உற்பத்திக்கு ஓடும் தண்ணீர் வெள்ளத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. 30 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று தோராயமாகக் கணக்கிட்டால், 7.5 மெகாவாட்டுக்கு விநாடிக்கு ஆயிரம் கன அடி போதும். வெள்ளத்தில் நூற்றறுபதில் ஒரு பங்கு. ஆனால் நீர்மின் நிலையங்களின் ஆபத்து வேறு வகையானது. அது மழையில்லாத நாளில் வரும். சுற்றுலாப் பயணிகளைத்தான் தேடி வரும். 2014 ஜூன் 8ஆம் தேதி மாலை, இமாச்சலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படமெடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை ஆறு அடித்துச் சென்றது. மேலே லார்ஜி நீர்மின் திட்டத்தில் மின் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருந்தது. டர்பைன் வழியே போகாத தண்ணீரை மதகு வழியே விட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குள் விநாடிக்கு 20 கன மீட்டராக இருந்த ஓட்டம் 450 ஆயிற்று. வானத்தில் ஒரு மேகமும் தேவைப்படவில்லை. எங்கோ ஓர் ஊரில் மின்விசிறிகள் நின்றதும் ஆற்றில் தண்ணீர் உயர்ந்ததும் ஒரே செயலின் இரு முனைகள் என்று அந்த மாணவர்களுக்கு யார் சொல்லியிருந்தார்கள்? பொறியியல் படித்தவர்கள் அவர்கள்.

மதகுகளும் என்றைக்கும் சொன்னபடி கேட்பவை அல்ல. தென்பெண்ணையின் மேலேயே உள்ள கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பர் 29 அன்று ஒரு ஷட்டர் உடைந்து தண்ணீர் வெளியேறியது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் 9 ஷட்டர்கள் ஒரே இரவில் போயின. 2024 ஆகஸ்டில் துங்கபத்திரையின் 19ஆம் மதகு சங்கிலி அறுந்து போயிற்று. இம்மூன்றிலும் பெருமளவு உயிர்ச்சேதம் இல்லை என்பதாலோ என்னவோ, நாம் சீக்கிரமே மறந்துவிட்டோம்.

நம் பகுதிக்கு இது புதிய பாடமும் அல்ல. 1903 நவம்பரில் பாலாற்றின் மேல்பகுதியில், அன்றைய மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து வாணியம்பாடியில் பாதி ஊரை வாரிக்கொண்டு போயிற்று. சுமார் 200 பேர் மாண்டார்கள். அதன் நினைவுக்கல் இன்றும் வாணியம்பாடியில் நிற்கிறது. தந்தி இருந்த காலம்தான் அது. மேலே ஏரி உடைந்ததைக் கீழே இருப்பவனுக்கு நேரத்தோடு சொல்வது அன்றும் முடியவில்லை.

இன்று இதற்கென்று சட்டமே இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டப்படி, 15 மீட்டருக்கு மேற்பட்ட ஒவ்வோர் அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் ஒன்று வேண்டும். எவ்வளவு திறந்தால் எந்த நிலப்பரப்பு மூழ்கும் என்ற வரைபடம் அதில் ஓர் உறுப்பு. கட்டி முடித்துவிட்ட அணைகளுக்கு, சட்டம் நடைமுறைக்கு வந்த 2021 டிசம்பர் 30ஆம் தேதியிலிருந்து 5 ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். அந்த வரைபடம் அலுவலக அலமாரிக்குள் இருப்பதால் தொண்டமானூர்க்காரருக்குப் பயனில்லை. அவர் ஊர்ப் பள்ளிச் சுவரில் 1,00,000 கன அடிக்கு ஒரு கோடு, 1,68,000க்கு ஒரு கோடு என்று வண்ணத்தில் இழுத்திருந்தால் பயனுண்டு. அதற்குப் பெரிய செலவில்லை. 2024இல் தண்ணீர் நின்ற கறை பல சுவர்களில் ஏற்கெனவே ஒரு கோட்டைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. வெள்ளையடிப்பதற்கு முன் அதை அளந்து குறித்துக்கொண்டால் போதும்.

அடுத்த முறை சாத்தனூர் போகும்போது, முதலைப் பண்ணையை முடித்துக்கொண்டு, பிள்ளைகளை மதகுகளைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். கீழே ஆற்றின் கரையில் எந்த உயரத்தில் பழைய வெள்ளத்தின் குப்பை சிக்கியிருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். மரக்கிளைகளில் பார்த்தால் கிடைக்கும். பிறகு அங்கே பணியில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: “ஐயா, இன்றைய தேதிக்கு இந்த அணை எத்தனை அடியில் நிற்க வேண்டும்?” எத்தனை அடியில் நிற்கிறது என்று அவர் உடனே சொல்லிவிடுவார். நீங்கள் கேட்டது அதை அல்ல என்று இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கும்.